பேஸைக் கூட்டிவிட்டுப் புறப்படாதீர்கள்: ஒலிச்சாதனக் கடைக்காரர்களுக்கும் பொருத்துநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டுக்குரிய ரிசீவர்களையும் (தொலைக்காட்சியின், பாட்டின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் சாதனங்கள்) ஸ்பீக்கர்களையும் விற்கின்ற கடை உரிமையாளர்களுக்கும், அவற்றை வீடு வீடாகச் சென்று பொருத்தித் தருகின்ற தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். புதிய ரிசீவர் ஒன்றைப் பொருத்தினால், அந்த அறைக்கேற்ப அதன் ஒலியைச் சமன்செய்து கொடுத்த பின்னரே வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். வயரை இணைத்து, ஒரு பாட்டைப் போட்டு, பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஏற்றி, "எப்படி அடிக்குது பாருங்க" என்று காட்டுவதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளும் வழக்கத்தையே நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் காண்கிறேன். முதல் நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். பிறகு, செய்தி விளங்கவில்லை என்று முதியவர்கள் சத்தத்தைக் கூட்டுவதும், விளம்பரம் வந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து குறைப்பதுமாகச் சில மாதங்கள் கழிய, ரிசீவரை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். சாதனத்தில் ஒரு குறையும் இருக்காது. அது நிற்கும் அறையை யாரும் அதற்கு அறிமுகப்படுத்தி வைக்கவில்லை.

இன்று விற்பனையாகும் ரிசீவர்கள் பலவற்றின் பெட்டிக்குள் நீண்ட வயரோடு ஒரு சிறிய ஒலிவாங்கி வருகிறது. டெனன், மராண்ட்ஸ் சாதனங்களில் ஓடிசி என்றும், யமஹாவில் வைபிஏஓ என்றும் அழைக்கப்படும் அளவீட்டு முறைகள் அந்த ஒலிவாங்கியைக் கொண்டே இயங்குகின்றன. ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சோதனை ஒலியை அனுப்பி, அது நாம் அமரும் இடத்தை வந்தடைய எடுக்கும் நேரத்தையும் அங்கே அதன் வலுவையும் கணக்கிடுகிறது. ஒலி ஒரு மீற்றரைக் கடக்கச் சுமார் 3 மில்லிசெக்கன் எடுக்கும். கதவும் சாமித்தட்டும் அலுமாரியும் போக எஞ்சும் இடத்திலேயே ஸ்பீக்கரை வைக்க முடிகிற நம் வீடுகளில், இடப்புறத்தது கதிரையிலிருந்து 2 மீற்றரிலும் வலப்புறத்தது 3 மீற்றரிலும் நிற்பது புதுமையல்ல. அந்த 3 மில்லிசெக்கன் வேறுபாடே பாடுபவரின் குரலை நடுவிலிருந்து ஒரு பக்கமாக இழுத்துவிடப் போதுமானது. அளவீடு நடந்திருந்தால், கிட்ட நிற்கும் ஸ்பீக்கரை ரிசீவர் அவ்வளவு நேரம் தாமதப்படுத்தி, இரண்டின் ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி செய்துவிடும்.

அந்த ஒலிவாங்கி பொலித்தீன் உறை பிரிக்கப்படாமலே வீடுகளில் கிடப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அதைப் பயன்படுத்துவோரிலும் சிலர் கையில் பிடித்துக்கொண்டோ, சோபா மெத்தைமேல் கிடத்தியோ அளக்கிறார்கள். உடல் ஒலியை மறைக்கும். மெத்தை மேலோசைகளை உறிஞ்சிக்கொள்ளும். கமராவுக்குரிய முக்காலியொன்றில், அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில், முனை கூரையைப் பார்த்திருக்கும்படி அதை நிறுத்த வேண்டும். தூரமும் சத்தமும் முதல் அளவீட்டிலிருந்தே கணிக்கப்படுவதால், வீட்டார் வழக்கமாக அமரும் இடத்திலேயே அதை நடத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் அது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனால், விசிறிக் காற்று ஒலிவாங்கியில் மோதும் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளின் கணக்கைக் குழப்பிவிடும். வீதியோர வீடாயின் வாகன ஓட்டம் தணிந்த நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு வகைச் சாதனத்தின் ஒலிவாங்கியை வேறொன்றில் செருகி அளக்காதீர்கள். ஒவ்வொன்றும் அதனதன் சாதனத்துக்கென அமைக்கப்பட்டது.

அளவீட்டுக்கு முன்னரே பார்க்க வேண்டியது, தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான வூபர் நிற்கும் இடம். இடம் அடைக்காது என்பதற்காக அதை மூலைக்குள் தள்ளிவிடுவது எங்கும் நடக்கிறது. மூலையில் நின்றால் தாழ்ந்த ஒலி பெருத்துக் கேட்கும், ஆனால் எல்லாத் தாழ்ந்த ஒலியும் ஒரே அளவில் பெருக்காது. 4 மீற்றர் நீளமான அறையொன்றில் ஏறத்தாழ 43 ஹேர்ட்ஸ் மீடிறனில் (அதிர்வெண்ணில்) ஒலி சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். அதே கதிரையில் வேறு சில சுரங்கள் எழும்பவே மாட்டா. இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. வூபரைத் தூக்கி, ஆள் அமரும் இடத்தில் வைத்து, பேஸ் கிற்றார் தெளிவாக ஏறியிறங்கும் பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தாழக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே வலுவில் கேட்கின்றனவோ, அங்கே வூபரை வையுங்கள். அளந்த பின் 2 மீற்றரில் நிற்கும் வூபரை ரிசீவர் 3 மீற்றருக்கு மேல் என்று காட்டினால் அதைத் திருத்த வேண்டாம். வூபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிட்டிருக்கிறது.

திருத்த வேண்டியவை வேறு உள்ளன. சிறிய ஸ்பீக்கர்களைச் சில வேளை ரிசீவர் பெரியவை, அதாவது தாழ்ந்த ஒலியையும் தாமே தரக்கூடியவை, எனப் பதிந்துவிடும். அவற்றைச் சிறியவை என மாற்றி, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வூபரிடம் ஒப்படைப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். வயரின் கூட்டல் கழித்தல் முனைகள் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் மெலிந்து, குரலும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமற் போகும். ஆகவே, இரு முனைகளையும் கண்ணால் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

நடு ஸ்பீக்கரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திரைப்படத்திலும் நாடகத்திலும் பேச்சின் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது. நம்மவர்களோ அதைத் தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில், பின்சுவரோடு ஒட்டி, ஆட்களின் முழங்காலைப் பார்க்கும்படி வைத்துவிடுகிறார்கள். சொற்களைப் பிரித்து விளங்க உதவுபவை க, ச, ட, த, ப போன்ற வல்லெழுத்துகளின் கூர்மையான ஒலிகள். அவை உயர்ந்த மீடிறனில் இருப்பதால் நேர்கோட்டில் காதுக்கு வர வேண்டும். தட்டின் முன்விளிம்புவரை பெட்டியை இழுத்து, முன்பக்கத்தின் கீழே இரண்டு றப்பர் துண்டுகளைக் கொடுத்துச் சற்று நிமிர்த்திவிட்டாலே, செய்தி விளங்கவில்லை என்ற முறைப்பாடு பெரிதும் குறையும். அதற்குப் பின்னும் போதாதெனின் நடு ஸ்பீக்கரின் சத்த அளவை மட்டும் ஓரிரு டெசிபல் உயர்த்தலாம்.

சமன் கிடைத்துவிட்டதா என்பதை அறிய நான் எங்கள் கூத்துப் பதிவொன்றைக் கேட்பதுண்டு. மத்தளத்தின் இடந்தலையும் வலந்தலையும் இரு வேறு ஒலிகளாகப் பிரிந்து கேட்க வேண்டும். சல்லரி என்னும் கைத்தாளம் காதைக் கிழிக்காமல் தாளத்தைச் சொல்ல வேண்டும். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டைப் பிற்பாட்டுக்காரர் வாங்கும்போது அவர்கள் அவருக்குப் பின்னே நிற்பதாகத் தோன்ற வேண்டும். பேஸைக் கூட்டி வைத்த ரிசீவரில் மத்தளம் முழுவதும் ஒரே மொத்தலாகிவிடுகிறது. சவுண்ட் எஃபெக்ட் என்று ரிமோட்டில் வரும் மண்டபம், அரங்கம் போன்ற செயற்கை எதிரொலிகளைப் போட்டால் பாட்டின் சொல்லே கரைந்துபோகிறது. அவற்றை நிறுத்தி, இரண்டு ஸ்பீக்கரில் நேரடியாக ஒருமுறை கேட்கவைத்தால் வீட்டார் தாமாகவே வேறுபாட்டை உணர்வார்கள்.

எதிரொலியைப் பொறுத்தவரை எந்த அளவீடும் அறையை முற்றாகத் திருத்திவிடாது. சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் கண்ணாடி யன்னலும் ஒலியைத் திருப்பி எறிந்துகொண்டே இருக்கும். மெல்லிய பாயொன்றை விரிப்பதால் பெரிய பயன் இல்லை. மருதமுனைக் கைத்தறியில் தடித்த துணியாகப் பார்த்து வாங்கி, மடிப்புகள் நிறைய வரும்படி திரை தைத்துப் போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் விற்கும் நீங்கள் திரைச்சீலைக்கும் ஆலோசனை சொல்வதில் தவறேதும் இல்லை.

வாடிக்கையாளர்கள் அதிர்வைத்தான் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அது பொய்யில்லை. குறைந்த சத்தத்தில் கேட்கும்போது தாழ்ந்த ஒலிகள் காதுக்கு மேலும் மங்கிவிடுகின்றன என்பதை ஆய்வாளர்களான பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாகக் கேட்பவருக்குப் பேஸ் போதவில்லை என்று தோன்றுவது இயல்பே. அதற்கென்றே ரிசீவர்கள் பலவற்றில் சத்தத்துக்கேற்பப் பேஸைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிக் காட்டுங்கள். பேஸை நிரந்தரமாக ஏற்றி வைத்தால் பகலில் சத்தத்தைக் கூட்டியதும் அதுவே பேச்சை மூடிவிடும்.

இவையெல்லாம் நேரம் பிடிக்கும் வேலைகள். அந்த நேரத்துக்கு உரிய கூலியைப் பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்; சாதனத்துக்கு இவ்வளவு செலவிட்டவர் அதற்கும் தருவார். முடிவில் ஸ்பீக்கர்களின் தூரம், சத்த அளவு, தாழ்ந்த ஒலி வூபருக்குப் பிரியும் மீடிறன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். பிள்ளைகள் ரிமோட்டில் எதையாவது அழுத்தி எல்லாம் மாறிவிட்டாலும், உங்களை மீண்டும் அழைக்காமலே அவர்கள் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ள அது உதவும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஓர் இசை நேயர்