பச்சைக் கொப்பை வெட்டிவிடு

அன்புள்ள மகளுக்கு,

என்னிடம் இருந்து நீ எடுத்துப் போன சில்வர் போசியின், இலையில் வெள்ளைக் கரை போட்ட அந்தத் தைம் மூலிகைச் செடியின், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அப்பா, தைம் நல்லா வளருது, நடுவில இருந்து ஒரு புதுக் கொப்பு மற்றதை எல்லாம் தாண்டி வந்திட்டுது" என்று எழுதியிருந்தாய். வளர்வது உண்மைதான். ஆனால் அந்தப் புதுக் கொப்பின் இலைகளைப் பார்த்தாயா? வெள்ளைக் கரையே இல்லை, முழுப் பச்சை. அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால் போதாது. அது புறப்படும் இடம் வரை விரலை விட்டுத் தேடி, அடியோடு வெட்டு. ஃபோனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நன்றாக வளர்வதை ஏன் வெட்டச் சொல்கிறேன் என்று கேட்பாய். செடியின் நுனிமொட்டு அடுக்கடுக்கான கலங்களால், அதாவது செல்களால், ஆனது. இப்படி வெள்ளைக் கரை போட்ட செடிகளில் பொதுவாக, இலையின் ஓரத்தை உண்டாக்கும் அடுக்குக்குப் பச்சையம் செய்ய வராது. நடுப்பகுதியை உண்டாக்கும் உள் அடுக்குக்கு வரும். ஒரே வீட்டில் உழைக்கிறவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறவரும் இருப்பது போலத்தான். எப்போதாவது ஒரு பக்கமொட்டு முழுக்க முழுக்கப் பச்சைக் கலங்களில் இருந்தே புறப்பட்டுவிடும். அந்தக் கொப்புக்கு இலை முழுவதும் உணவு செய்ய முடிகிறது, அதனால் வேகமாக எழும்பி மற்றக் கொப்புகளின் வெயிலை மறைக்கும். அப்படியே விட்டால் கொஞ்சக் காலத்தில் உன் சாடியில் இருப்பது சாதாரணப் பச்சைத் தைம். அதுவும் கெட்ட செடியில்லை, சமையலுக்கு நன்றாகவே உதவும். ஆனால் நீ விரும்பிக் கேட்டு எடுத்துப் போனது வெள்ளிக்கரைச் செடியை அல்லவா? சில நேரம் மறுபக்கமாக, முழு வெள்ளைக் கொப்பும் வரும். அதைப் பற்றிக் கவலைப்படாதே. மற்றவற்றின் தயவில் கொஞ்ச நாள் நின்று வாடிப்போகும்.

விதை வாங்கிப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தாய். விதையில் இந்தக் கரை வராது. வெட்டித் துண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சாடியின் கீழே தட்டு, தட்டில் தண்ணீர். அந்தத் தட்டை எடுத்துவிடு. ஊரில் கிணற்றில் இருந்து இறைத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விட்டுப் பழகிய பரம்பரை நாம். பின்னேரம் ஆனால் கை தானாகவே வாளியைத் தேடும். இந்தச் செடியின் ஊர் வேறு. ஸ்பெயின், தெற்குப் பிரான்ஸ், இத்தாலிப் பக்கத்துக் கல்லு மலைச்சரிவுகளில், கோடை முழுவதும் மழையே இல்லாத இடத்தில் வளர்ந்த இனம் அது. இலை ஏன் இவ்வளவு சின்னதாக, ஓரம் சுருண்டு, எண்ணெய் நிறைந்து இருக்கிறது? தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்து வைக்கத்தான். வேர் ஈரத்தில் நின்றால் முதலில் நடுப்பகுதி மண்ணிறமாகும், பிறகு ஒரு பக்கம் முழுவதும் காய்ந்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் விடுவார்கள். முடிந்தது கதை.

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு வரை விட்டுப் பார். உள்ளே காய்ந்திருந்தால் நன்றாக, அடித் துளையால் வடியும் வரை ஊற்று. ஈரமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. சாடி மண்சாடியாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் சாடி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த முறை சாடி மாற்றும்போது, வாங்கும் மண் இரண்டு பங்குக்குப் பருக்கன் மணலோ சிறு சரளைக் கல்லோ ஒரு பங்கு கல. பசளை வேண்டாம். உரம் கூடினால் கொப்புகள் நீண்டு, நடு வெளித்து, சரிந்து விழும், மணமும் குறையும். மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் இதற்குப் பிடிக்கும், புளிப்பு மண் பிடிக்காது. ஆகவே புளூபெரிக்கு வாங்கி வைத்திருக்கிறாயே, அந்த மண்ணை இதற்குப் போட்டுவிடாதே.

எங்கள் ஹரோ வீட்டு மண் உனக்குத் தெரியும், லண்டன் களிமண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மாரியில் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் பின் முற்றத்தில் செங்கல் அடுக்கி உயர்த்தி, சரளை கொட்டி, அதற்குள் தைம் வைத்திருக்கிறேன். பனி இதைக் கொல்வதில்லை. மாரிகால ஈரம்தான் கொல்லும். நவம்பர் வந்ததும் உன் சாடியைச் சுவரோரமாக, மழை நேரே விழாத இடத்துக்கு நகர்த்து. அடியில் இரண்டு கல் வைத்து உயர்த்திவிடு. வீட்டுக்குள் கொண்டுபோகாதே. ஹீட்டர் சூடும் வெளிச்சக் குறைவும் சேர்ந்து செடியை மெலிய வைக்கும். வெளியிலேயே நிற்கட்டும். குளிர் கடுமையானால் வெள்ளைக் கரையில் இளஞ்சிவப்பு ஏறும். அது நோய் இல்லை. எனக்கு ஜூன் பூவை விட அந்த ஜனவரி நிறம்தான் பிடிக்கும். அம்மா ஒத்துக்கொள்ளமாட்டா, பூதான் அழகு என்பா.

பூ முடிந்த பிறகு கத்தரிக்க வேண்டும், ஜூலையில். இதைச் செய்யாதவர்களின் தைம்தான் இரண்டு மூன்று வருடத்தில் விறகாகிவிடுகிறது. மேலே உள்ள பச்சைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கை, செடி முழுவதையும் சுற்றி உருண்டையாக வெட்டு. ஆனால் இலை இல்லாத மரத்தண்டு வரை இறங்காதே. அங்கிருந்து மறுபடி துளிர்ப்பது அரிது. இலையுதிர் காலத்தில் பெரிய வெட்டு வேண்டாம், அப்போது வரும் இளந்துளிரைப் பனி கருக்கிவிடும். எப்படிக் கவனித்தாலும் நாலைந்து வருடத்தில் ஒரு செடி கிழடாகும். அதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

தயார் செய்வது கஷ்டமில்லை. இப்போதே செய்யலாம், மே ஜூன்தான் அதற்கு நல்ல காலம். பூ வராத, கரை தெளிவாக உள்ள கொப்பாகப் பார்த்து ஐந்து முதல் ஏழு சென்டிமீற்றர் நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்டு. கீழ்ப் பாதி இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் சாடியின் ஓரமாகக் குத்து. மேலே ஒரு பிளாஸ்டிக் பை, நேர் வெயில் வேண்டாம். ஒரு மாதமளவில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் வராமல் பிடிக்கும்; அப்போது பையை எடுத்துவிடலாம். நடு வெளித்த கிழட்டுச் செடி என்றால் வேறு வழி இருக்கிறது. வசந்தத்தில் அதன் வெறும் தண்டுகளுக்குள் மணல் மண்ணைக் குவித்து, நுனிகள் மட்டும் தெரிய விட்டுவிடு. கோடை முடிவதற்குள் தண்டுகளில் வேர் விட்டிருக்கும், பிரித்து எடுத்து நடலாம்.

பல்கனியில் பச்சையும் ஊதாவும் கோடு போட்டு மினுங்கும் சின்ன வண்டு கண்டால், அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு நிற்காதே. அது ரோஸ்மேரி வண்டு. ரோஸ்மேரி, லவெண்டர், தைம் எல்லாம் தின்னும். கையால் பிடித்துப் போடு. மருந்து அடிக்காதே, நீ சாப்பிடும் இலை.

சாப்பாட்டுக்கு வருவோம். அழகுச் செடியைத் தின்னலாமா என்று உன் சிநேகிதி கேட்டதாகச் சொன்னாய். தாராளமாகத் தின்னலாம். சாதாரணத் தைமை விட மணம் கொஞ்சம் மென்மை, அவ்வளவுதான். ஆனால் அலங்காரச் செடிகள் பகுதியில் புதிதாக வாங்கியது என்றால் பூச்சிமருந்து அடித்திருக்கக்கூடும். வெட்டிவிட்டு, புதிதாக வளரும் கொப்புகளைப் பிறகு பயன்படுத்துவது நல்லது. உன்னுடையது என் கையால் துண்டு நட்டு வந்தது, பயமில்லை.

முதலில் நான் இதைக் கொண்டுவந்து வைத்தபோது அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "இது ஓமம் அல்லவா, இதுக்கு ஏன் காசு?" என்றா. அவ சொன்னதில் பிழையில்லை. தைமோல் என்ற பொருள்தான் இரண்டிலும் மணக்கிறது. மருந்துக்கடையில் வேலை செய்த காலத்தில் வாய் கொப்பளிக்கும் மருந்துகளின் லேபிளில் தினமும் பார்த்த பெயர். 1719இல் காஸ்பர் நொய்மன் என்ற ஜெர்மானியர் தைம் எண்ணெயில் இருந்து அதைப் பிரித்தெடுத்தார். முதலாம் உலகப்போருக்கு முன்பு ஜெர்மனியில் தைமோல் செய்வதற்கு இந்தியாவில் இருந்து ஓமம்தான் கப்பலில் போனது. எங்கள் கற்பூரவள்ளியிலும் இதே குடும்பத்து மணம் இருக்கிறது. ஆக, நம் மூக்குக்கு இது புது மணம் இல்லை.

அம்மாவின் மனதை மாற்றியது பக்கத்து வீட்டு ஜமெய்க்கா அம்மாதான். அவர்கள் சோற்றுக்குள் பயறு, தேங்காய்ப்பால், முழு மிளகாய், அதோடு தைம் கொப்பு ஒன்றையும் போட்டு அவிப்பார்கள். ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினா. தேங்காய்ப்பாலுக்கும் தைமுக்கும் இப்படிப் பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அம்மா தேங்காய்ப்பால் சொதிக்குள் ஒரு கொப்பு போட்டா. கறிவேப்பிலையைக் குறைத்து, கொப்பை முழுதாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிட வேண்டும். நீ வரும்போது வைத்துத் தரச் சொல்கிறேன்.

உனக்குத் தனியாகச் செய்ய எளிது உருளைக்கிழங்கு. பாதி அவித்து, வடித்து, சட்டியைக் குலுக்கி ஓரங்களைச் சொரசொரப்பாக்கு. அவணில் 200 பாகையில் சுட்டுக்கொண்டிருக்கும் எண்ணெய்க்குள் போட்டுப் பிரட்டிவிடு. தைமை ஆரம்பத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பூண்டோடு சேர்த்துப் போடு. ஆட்டிறைச்சிக் குழம்பு போல நேரம் எடுக்கும் சமையல் என்றால் ஆரம்பத்திலேயே போடலாம், கொதிக்கக் கொதிக்க மணம் இறங்கும். இலை உருவ, கொப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கை விரல்களால் கீழ்நோக்கி ஒரே இழுவை. வெள்ளைக் கரை வெந்தால் மறைந்துவிடும். அந்த அழகு தட்டில் தெரிய வேண்டும் என்றால் சூப்பின் மேலே பச்சையாகத் தூவு.

கடையில் சில்வர் குயின் என்று இன்னொன்று விற்பார்கள், பார்வைக்கு உன் சில்வர் போசி மாதிரியேதான். லேபிளை நம்பாதே, இலையைக் கசக்கிப் பார். தேசிக்காய் மணம் வந்தால் அது சில்வர் குயின். மீனுக்கு அதுதான் சரி, கடைசி நேரத்தில் போட வேண்டும், அந்த மணம் சூட்டில் சீக்கிரம் போய்விடும். டூன் வாலி என்று மஞ்சள் புள்ளி போட்டு நிலத்தோடு படரும் ஒன்றும் இருக்கிறது. அழகுதான், ஆனால் சமையலுக்குக் கிள்ளிக் கிள்ளி அலுத்துப்போகும்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ இருக்கும் பிரிஸ்டலில் இருந்து தெற்கே, சமர்செட்டில் கொலார்ட் ஹில் என்ற குன்று இருக்கிறது. ஜூனில் விடுமுறை கிடைத்தால் போய்வா. அங்கே காட்டுத் தைம் மொட்டுகளில் முட்டையிடும் 'பெரிய நீலம்' என்ற வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கலாம். 1979இல் பிரித்தானியாவில் அது அற்றுப்போனது. அதன் புழு தைமைக் கொஞ்ச நாள் தின்றுவிட்டு நிலத்தில் விழும்; ஒருவகைச் சிவப்பு எறும்பு தன் பிள்ளை என்று நினைத்துக் கூட்டுக்குள் தூக்கிப் போகும்; அங்கே இருந்து எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும்! முயல்கள் நோயில் செத்து, மேய்ச்சல் குறைந்து, புல் உயர்ந்ததும் நிலம் குளிர்ந்து அந்த எறும்பு போய்விட்டது, பின்னாலேயே பூச்சியும் போனது. ஜெரமி தோமஸ் என்ற ஆய்வாளர்தான் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார். 1980களில் சுவீடனில் இருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். உன் பல்கனிக்கு அது வராது. தேனீ வரும், பூக்க விடு.

அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னா. பல்கனிக்கு வெயில் எத்தனை மணித்தியாலம் வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்த்து எழுது. ஆறு மணித்தியாலம் வந்தால் அடுத்த முறை வரும்போது சில்வர் குயினும் கொண்டுவருகிறோம். அதை விடக் குறைவு என்றால் அம்மா புதினாதான் தருவாவாம்.

அன்புடன்,
அப்பா