எந்த வந்தால்?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகிறது, சிறுபோக வெட்டும் முடிகிற நேரம், இதற்குள் எனக்கு ஒரு புது வேலை வேறு. தங்கச்சியின் மகள் ஓ.எல். பரீட்சை எழுதப்போகிறாள் என்று அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன், இப்போது பின்னேரங்களில் மாமரத்துக்குக் கீழே ஏழு பிள்ளைகள். சம்பளம் இல்லை, முருங்கைக்காயும் மோரும் வரும்.

போன கிழமை இஃப் வசனங்கள். நடக்கக்கூடியது, சும்மா கனவு, நடக்காமல் போனது என்று மூன்று வகையையும் தேவாரம் மாதிரி ஒப்பிப்பார்கள், சொந்தமாக ஒன்று எழுது என்றால் பேனை நகராது. மருமகள் கேட்டாள்: "மாமா, இஃப் ஐ ஹாட் மணி என்றால் காசு இப்போது இல்லை என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் இறந்தகாலம்?" நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். இரவு அம்மா அடுப்படியிலிருந்து "மாடு வந்தால் கட்டிவிடு" என்று கத்தினா. அப்போதுதான் பிடிபட்டது. வந்தால்! வந்தான் என்பதில் இருக்கிற அதே 'வந்த்'. பெய்தது, பெய்தால். போனான், போனால். இன்னும் வராத மாட்டுக்கு நாங்களும் இறந்தகால உடம்பில்தான் 'ஆல்' ஒட்டுகிறோம், ஐம்பது வருசமாகப் பேசியும் கவனிக்கவில்லை. வந்திருந்தால் என்பதையும் பிரித்துப் பார், 'ஹாட் கம்' அப்படியே உள்ளே கிடக்கிறது.

இவ்வளவும் ஒத்துப்போகிறது, சிக்கல் வேறு இடத்தில். "குளம் நிறைந்தால் கூடுதலாக வயல் செய்வோம்" என்று இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் இரைந்து வருகிறபோதும் சொல்கிறோம், பாளம் வெடித்த தரையைப் பார்த்துக்கொண்டும் அதையேதான் சொல்கிறோம். இங்கிலீஷ்காரனுக்கு அது முடியாது. நிறையும் என்று நம்பினால் 'ஃபில்ஸ்', பிறகு 'வில்'. சும்மா கனவு என்றால் 'ஃபில்ட்', பிறகு 'வுட்'. மனதில் இருப்பதைக் காட்டாமல் வசனத்தை முடிக்கவே விடாது அந்த மொழி. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறவர்கள் எல்லாரும் முதல் வகைதான் என்று சொன்னேன், பாஸ் பண்ணினால் பொங்குவேன் என்பதில் எவராவது 'வுட்' போடுவார்களா? பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் அது மண்டையில் ஏறிவிட்டது.

'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். புத்தகத் தமிழின் 'பெய்யுமானால்' செய்கிற வேலை என்று நினைக்கிறேன். வீட்டில் பேசுகிற மாதிரி 'பெய்தால்' என்று நினைத்துவிட்டு எழுதுங்கள், 'வில்' தானாக ஓடிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

மூன்றாவது வகைக்கு நான் உதாரணம் தேடவே தேவையில்லை. 2018 டிசம்பர் வெள்ளம் உனக்குத் தெரியும்தானே, நான் அப்போது படங்கள் அனுப்பினேன். பின்வரிசைப் பெடியன் ஒருவன், வாயே திறக்காதவன், கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினான்: 'இஃப் வீ ஹாட் அன்டைட் த கவ், இட் வுட் ஹாவ் லிவ்ட்.' மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தால் தப்பியிருக்கும். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. கயிறு எந்த மரத்தில் கட்டியிருந்தது என்றுகூடச் சொன்னான். சரி போட்டுக் கொப்பியைக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

அது இருக்கட்டும். உன் கடிதத்தின் கடைசியில் "மார்கழியில் வந்தால் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருசமாக இதே 'வந்தால்'. நீ இருக்கிற ஊரில் இங்கிலீஷ்தானே பேசுகிறாய், அதில் ஒருமுறை எழுதி அனுப்பு: 'இஃப் ஐ கம்'மா, 'இஃப் ஐ கேம்'மா? அதைப் பார்த்துத்தான் அறைக்கு வெள்ளை அடிக்கவேண்டும்.

உன்
பழைய வாங்குக் கூட்டாளி