தெரியாத ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்யச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கம்ப்யூட்டர் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகர், பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன், முதலில் வரவே இல்லை, பிறகு வந்தபோது ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில் இரண்டே வரி. ஃபார்மேட் செய்துவிடுங்கள், டிஸ்க் நன்றாக வேலை செய்யும் என்று. உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. பழைய டிஸ்க்கை ஒருவர் மெனக்கெட்டுக் கழற்றி மாட்டுகிறார் என்றால் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஃபோட்டோவுக்காகவோ கடைக் கணக்குக்காகவோதான் மாட்டுகிறார். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஃபார்மேட் ஆன பிறகு கொண்டுவரப்படும் டிஸ்க்குகளைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்தக் கடிதம்.

ஒரு டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது மதர்போர்டுக்கே தெரியவில்லையா அல்லது விண்டோஸுக்கு மட்டும் தெரியவில்லையா என்பதைத்தான். ஆன் செய்ததும் டெலிட் கீயையோ எஃப்2 கீயையோ தட்டி, ஹெச்பி என்றால் எஃப்10, பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டு காட்டும் செட்டிங் திரை) போய் அங்கே டிஸ்க்கின் மாடல் நம்பர் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வராத டிஸ்க்கை விண்டோஸில் எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது, எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் வராது. அங்கே சரியாக வருகிறது என்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே பாதிப் பேர் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பயாஸில் வரவில்லையா, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிள்களைப் பாருங்கள். இப்போதைய சாட்டா வகை டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்: 7 பின் உள்ள டேட்டா கேபிள் மதர்போர்டிலிருந்து, 15 பின் உள்ள பவர் கேபிள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து. திரும்ப ஆன் செய்து டிஸ்க்கின் மேல் லேசாகக் கை வைத்தால் உள்ளே தட்டு சுற்றுகிற அதிர்வு தெரியும். சுற்றவே இல்லை என்றால் முதல் சந்தேகம் பவர் மீதுதான். மேசைக் கம்ப்யூட்டரின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும், லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். சுற்றுகிறது, ஆனால் பயாஸில் வரவில்லை என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் முதல் டிஸ்க்கின் டேட்டா கேபிளை எடுத்து இதில் போட்டுப் பாருங்கள், போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். கேபினெட்டுக்குள் போடும் சாட்டா கனெக்டர் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை, சுமார் 50 தடவை என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். லூஸான கேபிளால் டிஸ்க் வருவதும் போவதுமாக இருந்தால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் சி7 என்ற வரியில் உள்ள எண் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான், அதை மாற்றினால் போதும். பட்டையான ரிப்பன் கேபிள் போடும் ஐடிஇ டிஸ்க் யாரிடமாவது இன்னும் இருந்தால், பின்பக்கம் உள்ள குட்டி ஜம்பரையும் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்கும் மாஸ்டர் என்று இருந்தால் இரண்டுமே வராமல் போகலாம்.

இப்போது அடிக்கடி வருகிற இன்னொரு சங்கதி எம்.2 எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத, மதர்போர்டிலேயே சொருகும் சிப் டிஸ்க். கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது என்று புதிதாக எம்.2 வாங்கி மதர்போர்டில் சொருகுகிறார்கள், விண்டோஸை அதில் போடுகிறார்கள், வேகம் பிரமாதம், ஆனால் நேற்று வரை இருந்த பழைய ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் குறிப்பிட்ட ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்தப் போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். எந்தப் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், அதன் மேனுவலில் தெளிவாகப் போட்டிருப்பார்கள். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் வந்துவிடும். இதை யாரும் சொல்லாததால் நல்ல டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் போட்டவர்களும் உண்டு.

செகண்ட் ஹேண்டில் வாங்கும் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளிலும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெட்டியை உடைத்து எடுத்தவற்றிலும் வேறொரு தொல்லை உண்டு. 2016ல் வந்த சாட்டா 3.3 விதிமுறையில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்குப் புது வேலை கொடுத்தார்கள், அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும் என்று. பழைய எஸ்எம்பிஎஸ்கள் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் டிஸ்க் சுற்றவே சுற்றாது, பார்க்கிறவர்கள் செத்த டிஸ்க் என்று நினைப்பார்கள். அந்தப் பின்னை மட்டும் வெப்பம் தாங்கும் காப்டன் (Kapton) டேப்பால் மறைத்தால் ஓட ஆரம்பித்துவிடும். 3.3 வோல்ட் வராத பழைய மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் போட்டாலும் சரியாகும், ஆனால் ஒரே அச்சில் வார்த்த மலிவான அடாப்டர்கள் சூடாகித் தீப்பிடித்த கதை உண்டு, அதனால் நான் டேப்பைத்தான் சொல்வேன்.

சரி, பயாஸில் டிஸ்க் வருகிறது, விண்டோஸில்தான் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். அதைத் திறந்தவுடன் சில சமயம் டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய (புது டிஸ்க்காகத் தயார் செய்ய) வேண்டும் என்று ஒரு பெட்டி தானாக முன்னால் வந்து நிற்கும். புத்தம் புதிய டிஸ்க் என்றால் ஓகே கொடுக்கலாம், ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள், எம்பிஆர் போட்டால் 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. ஏற்கனவே ஃபைல் இருந்த டிஸ்க் என்றால் கேன்சல்தான், வேறு எதுவும் வேண்டாம். அப்புறம் கீழே உள்ள படத்தைப் பாருங்கள். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி, முழுசாக இருக்கிறது, டி, இ போன்ற எழுத்து மட்டும் இல்லை என்றால் ரைட் கிளிக் செய்து டிரைவ் லெட்டர் கொடுத்தால் முடிந்தது வேலை. ஆஃப்லைன் என்று இருந்தால் ரைட் கிளிக் செய்து ஆன்லைன் ஆக்கலாம். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து (குளோன்)விட்டு இரண்டையும் ஒன்றாக மாட்டி வைப்பவர்களுக்கு இது வரும், இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கிறது.

இனி அந்த ஃபார்மேட் கேள்வி. விண்டோஸ் அதைக் கேட்பதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்தப் பார்ட்டிஷனில் இருப்பதை என்னால் படிக்க முடியவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது என்றோ உள்ளே ஒன்றும் இல்லை என்றோ அது சொல்லவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதே பார்ட்டிஷன் ரா (RAW) என்று காட்டும். இந்த நிலையில் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணைதான் சிதைந்திருக்கும். குயிக் ஃபார்மேட் செய்தால் அந்த இடத்தில் புதுக் காலி அட்டவணை எழுதப்படும், அதற்குப் பிறகும் ஓரளவு மீட்கலாம். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. அதன் பிறகு யாரிடம் கொண்டுபோனாலும் ஒன்றும் வராது. எஸ்எஸ்டியில் குயிக் ஃபார்மேட்டே ஆபத்து, டிரிம் என்ற கட்டளை போய் அந்த இடங்களை அதுவே துடைத்துவிடும்.

டிஸ்க் நூறு சதவீதம் நன்றாக இருந்தும் விண்டோஸ் இந்தக் கேள்வியைக் கேட்கும் இடங்கள் இருக்கின்றன, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் தமிழக அரசு 2011லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கும். திரையோ பேட்டரியோ போன பிறகு அதன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறார்கள். லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதற்கு எழுத்துக் கொடுத்துத் திறந்தால் ஃபார்மேட் செய்யவா என்றுதான் கேட்கும். அந்தப் பிள்ளை லினக்ஸில் உட்கார்ந்து செய்த காலேஜ் ப்ராஜெக்ட் அதில் இருக்கலாம். உபுண்டு என்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓடவிட்டுப் பார்த்தால் ஃபைல் எல்லாம் வரிசையாகத் தெரியும், காப்பி செய்துகொள்ளலாம்.

சிசிடிவி டிஸ்க்கும் இதே மாதிரிதான். கடையில் திருட்டு நடந்துவிட்டது, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆர் ஓடவில்லை, பதறிப்போய் அதன் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுகிறார்கள். பல டிவிஆர்கள் தங்களுக்கென்று தனி முறையில்தான் எழுதுகின்றன, விண்டோஸுக்கு அது காலி டிஸ்க் மாதிரி தெரியும், இனிஷியலைஸ் செய் என்று கேட்கும். அங்கே ஓகே கொடுத்து ஃபார்மேட்டும் செய்தால் போலீஸுக்குக் கொடுக்க வேண்டிய ஆதாரம் கையாலேயே போகும். அதே கம்பெனி, அதே மாடல் டிவிஆரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி, அப்போதும் முதலில் அந்த மாடல் ஃபார்மேட் கேட்காமல் டிஸ்க்கைப் படிக்கிறதா என்று தெரிந்த ஆளை வைத்துப் பார்க்க வேண்டும்.

யுஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் போர்ட் உடைந்துபோய், உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்து நேராக மதர்போர்டில் மாட்டுவதும் நடக்கிறது. சில பெட்டிகளுக்குள் இருக்கும் சர்க்யூட், செக்டர் அளவை 512 பைட்டுக்குப் பதில் 4096 என்று மாற்றிக் காட்டும், சிலவற்றில் ஃபைல்களை என்க்ரிப்ட்டும் செய்யும், அதாவது ரகசியக் குறியீடாக மாற்றும். அந்தச் சர்க்யூட் இல்லாமல் பார்த்தால் பார்ட்டிஷனே இல்லாதது போலத் தெரியும். அதே மாதிரிப் பெட்டியில் திரும்ப வைத்தால் எல்லாம் வந்துவிடும். விண்டோஸ் 11 லேப்டாப்பின் டிஸ்க் என்றால் டிஸ்க்கை இப்படி ரகசியமாகப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கலாம், 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

டிஸ்க்கே உண்மையில் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது வேறு கதை. டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் தட்டைப் படிக்கும் ஹெட் தடுமாறுகிறது என்று அர்த்தம், அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டு மேலும் கீறுபடலாம். சத்தம் இல்லை, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறக்கவே வெகுநேரம் ஆகிறது, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் கெட்டுப்போன இடங்களைக் குறிக்கும் 05, சி5 வரிகள் மஞ்சளாக இருக்கின்றன என்றால், விண்டோஸின் பிழை திருத்தும் செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதத் தொடங்கி இருப்பதையும் கலைத்துவிடும். முதலில் டிடி ரெஸ்க்யூ மாதிரியான நகலெடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றால் இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்து, நகலில்தான் ஃபைல் மீட்கும் டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோ ரெக் எல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் இலவசம், இரண்டும் நல்ல சாஃப்ட்வேர். எந்தக் காரணத்துக்காகவும் மீட்ட ஃபைலை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. வாரண்டி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், வாரண்டியில் கிடைப்பது இன்னொரு டிஸ்க், ஃபோட்டோக்கள் அல்ல.

சர்வீஸுக்குக் கொண்டுபோகிறவர்களும், கொடுக்கும்போதே உள்ளே இருப்பது எனக்கு வேண்டும், கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லி பில்லிலும் எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை ஓட வைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தத்தைத் தயவுசெய்து அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நாளைய இதழிலேயே போடுங்கள். கேள்வி கேட்ட வாசகர் இன்னும் அந்தப் பட்டனை அழுத்தாமல் இருக்கலாம். அவர் இதைப் படித்தால் அவருக்குச் சொல்ல இருப்பது இதுதான்: கேன்சல் கொடுங்கள், கம்ப்யூட்டரை அணையுங்கள், பவர் கேபிளை டிஸ்க்கிலிருந்து கழற்றி வையுங்கள், நகல் எடுக்க அதே அளவோ அதைவிடப் பெரிதோ ஆன ஒரு காலி டிஸ்க் கையில் கிடைத்த பிறகு திரும்ப மாட்டுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்