முதல் அலகில் ஒரு கேள்வி இருக்கட்டும்

சமூகவியல் அறிமுகத் தாளுக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும் வினாத்தாள் எடுப்போருக்கும்,

வணக்கம்.

பல ஆண்டுகளாக இந்தத் தாளை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். நீங்கள் வகுத்த வரிசையில்தான் நடத்துகிறேன். சமூகவியலின் வரையறை, அதன் தோற்றம், பிற சமூக அறிவியல்களோடு அதற்குள்ள உறவு, அப்புறம் சிந்தனையாளர்கள், அதற்கும் அப்புறம் குழு, நிறுவனம், தகுநிலை, சமூகமயமாதல் என்று அடிப்படைக் கருத்துகள். ஆய்வு முறைகள் கடைசி அலகில் வரும். அதற்குள் பருவமே முடியப்போகும். வேகவேகமாக ஓட்டிவிட்டுத் தேர்வுக்குப் போய்விடுவோம். அந்தக் கடைசி அலகை முதலில் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு வருடம் வரிசையை நானே கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். முதல் வாரத்திலேயே ஒரு சின்னப் படிவத்தைக் கொடுத்து, வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நிரப்பி வரச் சொன்னேன். வயது, படிப்பு, வேலை. அவ்வளவுதான். பள்ளியிலேயே சமூகவியல் படித்துவிட்டு வந்து, வரையறைகளைப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவி ஒருவர் தன் அம்மாவின் பெயருக்கு நேரே ‘வேலை இல்லை’ என்று எழுதியிருந்தார். அம்மா காலையில் எழுந்ததும் என்ன செய்வார் என்று கேட்டேன். சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். “அம்மாதான் அப்படி எழுதச் சொன்னாங்க. நான் சும்மாதானே இருக்கேன்னு சொன்னாங்க” என்றார்.

அந்த ஒரு வரியில் உங்கள் பாடத்திட்டத்தில் பாதி இருக்கிறது. எது வேலை, அதை யார் முடிவு செய்கிறார்கள், கூலி இல்லாத உழைப்பு ஏன் கணக்கில் ஏறுவதில்லை, செய்கிறவரே ஏன் அதை வேலை என்று சொல்வதில்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளைச் சந்தித்துப் பேசினார். ஓர் ஆலைத் தொழிலாளியிடம் கேட்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டார்: எத்தனை மணி நேரம், எது சலிப்பூட்டுகிறது, எதில் மனநிறைவு. வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் என்று வந்தது. அந்த 77 மணி நேரம் அதற்கு முன்பும் வீடுகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. வேலை என்றதும் ஆலையும் அலுவலகமுமே நினைவுக்கு வந்த ஆய்வாளர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. படிவத்தோடு வந்த அன்றே இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் குறிப்பெடுக்கவில்லை. எல்லாரும் தங்கள் படிவத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் வினாத்தாளுக்கு வருகிறேன். ‘சமூகவியலின் தந்தை யார்?’ என்பது எத்தனை முறை வந்திருக்கிறது! அகஸ்ட் காம்ட் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். இந்தத் துறையை முதலில் ‘சமூக இயற்பியல்’ என்று அவர் சொல்லி வந்ததும், அதே பெயரைப் புள்ளியியலாளர் கெத்தலே எடுத்துக்கொண்ட பிறகு ‘சமூகவியல்’ என்ற சொல்லை உருவாக்கியதும் சுவையான கதைதான். ஆனால் இது ஒரு பெயரின் கதை. சமூகத்தை எப்படிக் கவனிப்பது என்று அதே காலத்தில் யோசித்தவர் ஹாரியட் மார்ட்டினோ. 1838-லேயே அதற்கென்று தனி நூல் வெளியிட்டார். மக்களின் பேச்சை மட்டும் நம்பாதே, முதலில் அவர்கள் உருவாக்கியிருக்கும் பொருள்களைப் பார், பேச்சை அதற்கு விளக்கமாக வைத்துக்கொள் என்பது அவர் சொன்ன வழி. கல்லறை வாசகங்களைக்கூடப் படிக்கச் சொன்னார்; எந்தக் குணத்தை ஒரு சமூகம் மெச்சுகிறது என்பது அங்கே தெரியும். நம் பாடத்திட்டத்தில் அவர் காம்ட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவராக அரை வரியில் வந்துபோகிறார்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கேமையும் அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸையும் ஒரே வாரத்தில் நடத்த வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. துர்க்கேமின் தற்கொலை பற்றிய ஆய்வு 1897-இல் வந்தது. அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அரசுப் பதிவுகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஏறத்தாழ 26,000 பதிவுகளைப் பிரித்து அடுக்கித் தந்தவர் அவருடைய அக்காள் மகன் மார்செல் மோஸ். ஒரு மனிதரின் மிக அந்தரங்கமான முடிவு என்று நாம் நினைப்பதன் விகிதம் மதத்தையும் திருமணத்தையும் குடும்பத்தையும் ஒட்டி மாறுகிறது என்று அவர் காட்டினார். இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தப் பதிவை எழுதியது யார்? மருத்துவரும் அதிகாரியும் குடும்பத்தாரும் சேர்ந்துதானே ஒரு சாவுக்குக் காரணம் எழுதுகிறார்கள்? தற்கொலையைப் பாவம் என்று கருதும் மதத்தவர் மறைக்க மாட்டார்களா? சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967-இல் இந்தப் பதிவுகளை நோக்கித்தான் கேள்வி எழுப்பினார். துர்க்கேமைச் சொல்லும் அன்றே இதையும் சொல்லாவிட்டால், அச்சில் வந்த எண் என்றால் அப்படியே நம்பலாம் என்ற பழக்கம் மாணவர்களிடம் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1899-இல், டு பாய்ஸின் ஆய்வு வந்தது. பிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தில் குடியேறி, அங்கிருந்த கறுப்பின மக்களின் வீடுகளுக்கு அவரே நடந்து போனார். சுமார் 2,500 குடும்பங்கள். வறுமையும் குற்றமும் அவர்களின் பிறவிக் குணம் என்று பலர் பேசிய காலம் அது. அவர் வாடகை, கூலி, பிறந்த இடம், கிடைத்த வேலை, கிடைக்காத வேலை என்று கேட்டுக்கொண்டே போனார். அடிமை முறையின் வரலாறும், நிற வேற்றுமையால் அடைபட்ட வேலைக் கதவுகளும் அந்த அட்டவணைகளில் தெரிந்தன. ஒருவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தார், இன்னொருவர் வாசலில் நின்று கேட்டார். இரண்டும் சமூகவியல். நம் தாளில் இரண்டாமவர் இல்லை.

மூன்று பெருங்கோட்பாடுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். செயல்பாட்டுவாதம் (ஒவ்வொரு பகுதியும் சமூகம் நிலைக்க உதவுகிறது என்பது), முரண்பாட்டுக் கோட்பாடு (அதிகாரத்துக்கும் வளத்துக்குமான போட்டியைப் பார்ப்பது), குறியீட்டு ஊடாட்டவாதம் (அன்றாடப் பேச்சிலும் பழக்கத்திலும் மனிதர்கள் பொருளை உருவாக்குவதைப் பார்ப்பது) என்று மூன்று கண்ணாடிகளைக் கொடுத்து, குடும்பத்தை ஒவ்வொன்றாலும் பார் என்கிறோம். மாணவர்கள் ஒரே மாதிரியாக மூன்று பத்தி எழுதிவிடுகிறார்கள். மூன்றில் எது ஏன் பொருந்துகிறது என்று சொல்ல அவர்கள் கையில் எந்தச் சான்றும் இல்லை. இந்தத் தாள் செய்யும் பெரிய கெடுதல் இதுதான் என்பேன்.

வகுப்பில் ஆள் அதிகம், திருத்த முடியாது என்று சொல்வீர்கள். அந்தச் சிரமம் எனக்கும் தெரியும். நான் கேட்பது சிறியது. முதல் நான்கு வாரம் வரையறை வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்கட்டும். பிறகு அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதட்டும், ஏன் திருத்தினேன் என்று அரைப் பக்கம் எழுதட்டும். அந்த அரைப் பக்கத்தை நாம் மதிப்பிட ஒரு விடைத்தாளைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. தேர்வில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 1936-இல் ஓர் அமெரிக்க இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட், அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை வென்றார். அந்த முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்தது. கூறெடுப்பை, அதாவது எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் தேர்ந்து கேட்பதை, புரியவைக்க இதற்கு மேல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் ‘வேண்டாம்’ என்ற பதிலை ஏற்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. சொன்னதை நண்பர்களிடம் பேசிச் சிரிக்கக் கூடாது. ஒருவர் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டுகிறார் என்ற கவனம் பதினெட்டு வயதில் வந்துவிட்டால், பின்னால் எந்த ஆய்வு முறையையும் அவர்கள் கையில் நம்பிக் கொடுக்கலாம்.

அந்த மாணவி தன் படிவத்தை மறு வாரம் திருத்திக்கொண்டு வந்தார். ‘வேலை’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு, ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள்?’ என்று எழுதியிருந்தார். பதில் ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. அவருடைய சம்மதத்தோடு, பெயர்களை நீக்கி, இரண்டு படிவங்களின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் அலகைப் பற்றிப் பேச நீங்கள் கூடும் நாளில் அவற்றையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முதலாண்டு வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியர்