செப்டம்பரில் சைக்கிளோடு வரப்போகும் மகளுக்கு

அன்பு மகள்,

நீயும் சிநேகிதியும் சைக்கிள்களோடு வருகிறீர்கள் என்று கேட்ட நாள் முதல் அம்மா சமையலுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறா. நான் மேசை முழுக்க வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறேன். கருங்காட்டுக்குப் போவோமா, பவேரியாவுக்குப் போவோமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வடிவான இடங்கள்தான். ஆனால் கருங்காடு இருக்கிற பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டு வழிகளில் சைக்கிள் ஓடத் தடை. அது போகட்டும். நீ பிறந்து வளர்ந்த கொஸ்லாரைச் சுற்றியிருக்கிற கிறவல் பாதைகளை நீ சைக்கிளில் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தோடு பஸ்ஸில் போனாய், பனிக்காலத்தில் சறுக்கப் போனாய், அவ்வளவுதான். அதனால் நானே ஒரு பாதை போட்டிருக்கிறேன். ஹார்ஸ் மலையில் ஏறி, காட்டுக்குள்ளால் பழைய கிழக்கு, மேற்கு ஜெர்மனி எல்லைக்கு இறங்கி, வடக்கே தாழ்நிலத்தில் முடிகிற பாதை. மூன்று நாள்.

ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடுவோம் என்று போனில் சொன்னாய். ரொறன்ரோவில் ஏரிக்கரையோரம் தார் றோட்டில் ஓடுகிற கணக்கு இங்கே சரிவராது. முதல் இரண்டு நாளும் 50 கிலோமீட்டர் போதும். மரம் ஏற்றும் லொறிகளுக்காகப் புதிதாகச் சல்லி கொட்டிய ஏற்றத்தில் பின் சில்லு வழுக்கும். நின்று மிதித்தால் இன்னும் வழுக்கும். இருக்கையை விட்டு எழும்பாமல் இலகுவான கியரில் மெல்ல ஏறு. அப்புறம், பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இறங்கி நிற்க உனக்கு நேரம் வேண்டும்.

முதல் நாள் கொஸ்லாரிலிருந்து கிளவுஸ்தால்-செல்லர்ஃபெல்ட் போய், ஆல்ட்டெனாவ் வழியாக டோர்ப்ஹவுஸ். நகரத்தை விட்டதும் நல்ல ஏற்றம். மேலே மேட்டுநிலத்துக்கு வந்துவிட்டால் குளங்களும் வாய்க்கால்களும் தொடங்கும். சுரங்கத் தொழிலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியவை. வெள்ளியும் ஈயமும் எடுத்த சுரங்கங்களுக்குள் ஊறுகிற தண்ணீரை வெளியே இறைக்கப் பெரிய நீர்ச்சக்கரங்கள் ஓட வேண்டும், அந்தச் சக்கரங்களை ஓட்ட மலைமேல் எந்நேரமும் தண்ணீர் வேண்டும். அதற்காக 107 குளங்களும் 310 கிலோமீட்டர் வாய்க்கால்களும். 2010இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. கொஸ்லார் நகரமும் ராமெல்ஸ்பெர்க் சுரங்கமும் அதற்கு முன்பே, 1992இல், சேர்ந்துவிட்டன.

இந்த வாய்க்கால் கரைகள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் மலையின் வளைவுக்கு வளைந்து, கண்ணுக்குத் தெரியாத சரிவில் போகும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் கரை, கரைமேல் ஒற்றையடியாக ஊசியிலை விழுந்த மெத்தென்ற மண். கல் அடுக்கிய ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். தண்ணீரைக் கையில் அள்ளிப் பார், வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். மேலேயுள்ள சேற்றுநிலக் கரிமண்ணிலிருந்து வருகிற நிறம் அது. ஷ்பெர்பெர்ஹாய் அணைமேட்டையும் பார்க்காமல் விடாதே. 1730களில், இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 16 மீட்டர் உயரமாக மண் போட்டு, அதன் முதுகில் வாய்க்காலைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கரைவழிகளில் நடப்பவர்கள் அதிகம். ஒடுக்கமான இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போ. சைக்கிளுக்குத் தடை என்று பலகை இருந்தால் பக்கத்திலேயே அகலமான வனப்பாதை இருக்கும்.

டோர்ப்ஹவுஸ் 800 மீட்டர் உயரம். அங்கே தங்கு. எதிரே 1,141 மீட்டர் புரொக்கன் சிகரம் தெரிய வேண்டும், ஆனால் வருடத்தில் 300 நாளளவுக்கு அதன்மேல் மூடுபனி. மேலே போக ஆசையென்றால் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, கவிஞர் கோதேயின் பெயரிலுள்ள நடைபாதையால் 8 கிலோமீட்டர் நட. 1777 டிசம்பரில் கோதே இங்கிருந்துதான் பனிக்குள் ஏறினார்.

காட்டைப் பார்த்து நீ அதிர்ந்து போவாய், முன்கூட்டியே சொல்கிறேன். சின்ன வயதில் நீ பார்த்த கரும்பச்சைக் காடு பெரும்பகுதி இல்லை. 2018இலிருந்து வந்த வறட்சியில் ஸ்ப்ரூஸ் மரங்கள் பலவீனப்பட்டு, பட்டை வண்டு தின்றுவிட்டது. மலைமலையாகச் சாம்பல் நிறத்தில் காய்ந்த மரங்கள் நிற்கின்றன. பழைய காட்டைச் சுரங்கத்துக்காக வெட்டித் தீர்த்துவிட்டு, கெதியாக வளரும் என்று ஒரே இன மரத்தை நட்டதன் பலன் இது. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் அவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே குனிந்து பார்: விழுந்த மரங்களுக்கிடையில் பேர்ச் கன்றும் செம்மணி போல் பழம் காய்க்கும் ரோவன் கன்றும் முட்டிமோதிக்கொண்டு வளர்கின்றன. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 2000இலிருந்து லிங்ஸ் என்கிற பெரிய காட்டுப் பூனையையும் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது உன்னைப் பார்க்கும், நீ அதைப் பார்க்கமாட்டாய். காற்று பலமான நாளில் மட்டும் காய்ந்த மரங்களுக்குள் போகவே கூடாது. அன்றைக்குத் தார் றோட்டால் இறங்கு.

இரண்டாம் நாளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

நான் 1985இல் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எஸ்-பான் ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர், நிறையப் பேர் அப்படித்தான் வந்தார்கள். 1986 அக்டோபரோடு அந்த வழி அடைபட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. அகதி விண்ணப்பம் போட்டவர், தன்னைப் போட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. 1982இலிருந்து அதுதான் அப்போதைய சட்டம். வேலை செய்யவும் விடவில்லை. பகல் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல், பழைய சாமான் சந்தையில் ஒரு கனமான சைக்கிள் வாங்கினேன். உன் முதல் நாள் பாதை முழுக்க, என்னைப் போட்ட கொஸ்லார் மாவட்டத்துக்குள் கிடக்கிறது. எனக்கு ஓட அனுமதி இருந்த இடம் அவ்வளவுதான். அந்த வனப்பாதைகளில்தான் நான் இந்த நாட்டைப் பழகினேன். எந்தக் காட்டுக்குள் போனாலும் யாரும் என்னிடம் கடதாசி கேட்டதில்லை. கிழக்கே போகப் போக எக்கர் ஆறு வரும், அங்கே இரும்பு வலை வேலி. அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் வர வழியில்லை. நான் அந்தப் பக்கத்தால்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன்.

நீ டோர்ப்ஹவுசிலிருந்து காட்டுவழியே எக்கர் அணைக்கு இறங்கு. அணைக்கட்டின் நடுவால்தான் எல்லை போனது, எல்லைக்கல் இப்போதும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து ஆற்றோடு கீழே ஷ்டாபெல்புர்க். 1989 நவம்பர் 11ஆம் தேதி அங்கே வேலி திறந்தது. நானும் போய் நின்றேன். முன்பின் தெரியாத ஒரு கிழவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

எல்லைக்காவலர் ஓடித் திரிந்த ரோந்துப் பாதையில் இன்று யாரும் ஓடலாம். ஜீப்பின் இரண்டு சில்லுகளுக்கு அளவாக, ஓட்டை வைத்த கொங்கிறீற் பலகைகளை இரண்டு வரிசையாகப் பதித்திருப்பார்கள். ஓட்டைகளுக்குள் புல். அதில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். பிடியைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் தூக்கி, வேகம் விடாமல் ஓடு. செங்குத்தான இடத்தில், முக்கியமாக மழை பெய்த பிறகு, இறங்கி நட. கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் எல்லைப் பட்டையில் பல பத்தாண்டுகள் உழவும் இல்லை, உரமும் இல்லை. அதனால் வேறெங்கும் அழிந்துபோன செடிகளும் பறவைகளும் அங்கே தப்பியிருக்கின்றன. இப்போது அதைப் பசுமைப் பட்டை என்று காப்பாற்றுகிறார்கள். அன்றிரவு ஹோர்ன்புர்க்கில் தங்கு, மரச்சட்ட வீடுகள் நிறைந்த சின்ன ஊர். அது அடுத்த மாவட்டம். அங்கே போக நான் ஒரு காலத்தில் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் தட்டை. ஹோர்ன்புர்க்கிலிருந்து ஓஷர்ஸ்லேபென் பக்கமாக 45 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும் சதுப்பு என்கிற தாழ்நிலம் கிடக்கிறது. வாய்க்கால் வெட்டி வடித்துப் புல்வெளியாக்கியிருக்கிறார்கள். ஏற்றம் இல்லை என்று சந்தோஷப்படாதே, எதிர்க்காற்று அடித்தால் மலையே மேல் என்று தோன்றும். நாரைகள் ஆகஸ்டோடு தெற்கே போயிருக்கும். வால் பிளந்த செந்நிறப் பருந்துகள் இருக்கும். கிழக்குப் பக்க ஊர்களில் பழைய கற்பதித்த றோட்டு வந்தால் அதன் ஓரத்தில் மண் பட்டை ஒன்று இருக்கிறதா என்று பார், அதில் ஓடு. பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக்கிழங்கு கிண்டுகிற காலம், உழவு இயந்திரம் போன பாதையில் சேறு சில்லில் அப்பும். ஹோட்டென்ஸ்லேபெனில் எல்லைச் சுவரும் காவல் கோபுரமும் இருந்தபடியே இருக்கின்றன. கால் தாங்கினால் எல்ம் குன்றின் பீச் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய் வா, 323 மீட்டர்தான். இல்லையென்றால் நேரே ஹெல்ம்ஸ்டெட் போய், பிரவுன்ஷ்வைக்கில் மாறி, ரயிலில் வீட்டுக்கு. உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குத் தனி ரிக்கற் எடு.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். பாணும் பழமும் சனிக்கிழமையே வாங்கிவிடு. தண்ணீர் முடிந்தால் ஊர்ச் சவக்காலையில் குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார். காட்டில் பச்சைப் பலகையில் வெள்ளைச் சிலுவையும் ஒரு இலக்கமும் கண்டால் மனதில் வைத்துக்கொள்: விழுந்து எழும்பினால் 112க்கு எடுத்து அந்த இலக்கத்தைச் சொன்னாலே தேடி வந்துவிடுவார்கள். அடுக்கிய மரக்கட்டைமேல் ஏறி இருக்காதே, உருளும். இரவில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் உண்ணி இருக்கிறதா என்று பார்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் சைக்கிளின் முன் கவையில் 45 மில்லிமீட்டர் ரயர் போகுமா? சேற்றுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அளந்து பார். போகுமென்றால் ரியூப் இல்லாமல் ஓடுகிற ரயர் இரண்டு சோடி இங்கேயே வாங்கி வைக்கிறேன், காற்று 2 பார் அழுத்தத்துக்குச் சற்று மேலே அடித்தால் அந்தக் கொங்கிறீற் பலகைக்கும் தாங்கும். சிநேகிதியின் சைக்கிளையும் அளந்து இந்தக் கிழமைக்குள் எழுது, கடையில் வரவழைக்க நாள் எடுக்கும். அவ மச்சம் மாமிசம் சாப்பிடுவாவா என்று அம்மா கேட்கிறா, அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா