மூடிவைத்துப் படிக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு வழிகாட்டிக் கட்டுரையில், பாடத்தை நாலைந்து முறை திரும்பப் படிக்கச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் ஒரு பகுதியை மறுபடி படிக்கவும், இன்னொன்றைத் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்த பகுதிதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் போனதும் கதை மாறியது: மறுபடி படித்ததில் 42 சதவீதம்தான் மிச்சம், எழுதிப் பார்த்ததில் 56.

திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போய், 'சரி, இது தெரியும்' என்று தோன்றிவிடுகிறது. அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. (பக்கம் முழுக்க வண்ணக் கோடு போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!) நாள் இடைவெளி விட்டுப் படிப்பதையும், மூடிவைத்து எழுதிப் பார்ப்பதையும் அடுத்த பகுதியில் விளக்கினால் நல்லது.

– ஒரு வாசகர்