ஹைக்குவை ஏன் இன்னும் எழுதுகிறார்கள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

கொழிஞ்சாம்பாறைக் கடைக் கணினியில் ஓடும் ஹைக்கு என்ற இயங்குதளத்தைப் பார்த்து, "இதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் மாமா?" என்று கேட்டாய். மிகச் சிலர்தான். எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும்.

பீஓஎஸ் இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் 2001இல் பாம் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. அதில் ஊறிப்போன ரசிகர்கள் அதே ஆண்டில், கோப்பு உலாவி போன்ற சில பகுதிகள் தவிர மற்றதையெல்லாம் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். அதுதான் ஹைக்கு. ஆல்ஃபா எனும் ஆரம்பச் சோதனைப் பதிப்பு முதலில் வர 2009 ஆயிற்று, அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பான பீட்டா முதலில் வர 2018. 2024இல் வந்ததும் ஐந்தாம் பீட்டாதான்!

அப்படி எதை விட மனமில்லை அவர்களுக்கு? மின்னஞ்சலை எடுத்துக்கொள். ஹைக்குவில் ஒவ்வொரு மடலும் ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், படித்தாயிற்றா என்பதெல்லாம் அந்தக் கோப்பின் மேலேயே பண்புகளாக ஒட்டியிருக்கும். "படிக்காத மடல்கள்" என்று கோப்பு முறைமையையே கேட்கலாம். புது மடல் வந்தால் விடைப் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொள்ளும். இதில் கை பழகியவனுக்கு மற்றதெல்லாம் சுற்றுவழி.

32 பிட் பதிப்பில் பழைய பீஓஎஸ் நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக அரதப்பழசான ஜிசிசி 2 தொகுப்பியை (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) இன்னும் சுமக்கிறார்கள். எனக்கு அது வீண் பிடிவாதமாகவே படுகிறது.

நீ பள்ளியில் படித்த லினக்ஸும் 1991இல் ஒரு மாணவரின் பொழுதுபோக்குதான் என்று உன் வாயை அடைத்துவிடலாம். ஆனால் ஹைக்கு இன்னொரு லினக்ஸ் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. லினக்ஸில் கெர்னல் எனும் இயங்குதளத்தின் உட்கரு ஒரு குழுவிடம், திரைச் சாளரங்கள் வேறொரு குழுவிடம். இங்கே எல்லாம் ஒரே கூரையின் கீழ். வேலை முடிந்து இரவில் உட்காருகிறவன், ஒரு பொத்தானை அழுத்தினால் கெர்னல் வரை என்ன நடக்கிறது என்று கடைசி வரி வரை படித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். சம்பள வேலையில் அந்தச் சுகம் யாருக்குக் கிடைக்கிறது?

நம் பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்களும் இப்படித்தான். எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் கம்பராமாயணப் பாட்டும் விளக்கமும் நள்ளிரவு தாண்டி ஓடும். தலை எண்ணிப் பார்த்துத் திரையைச் சுருட்ட மாட்டார்கள்.

அடுத்த முறை வரும்போது பென்டிரைவ் கொண்டு வா, ஏற்றித் தருகிறேன். உன் மடிக்கணினியில் வைஃபை மக்கர் செய்யலாம். வைஃபையை இயக்கும் நிரல்களைப் பெரும்பாலும் ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளங்களின் பக்கமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். அங்கே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிழை அறிக்கை எழுது. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா